பெரினாவின் கைப்பை

பெரினா கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, கைப்பையை மேசைமேல் வைத்தாள்.

"தெக்குக் காத்து ஆரம்பிச்சிடுச்சு. யாருக்கெல்லாம் தலைவலி, கையைத் தூக்குங்க."

தெற்குக் காற்று அடித்தால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தலைவலிதான். கடல் சாம்பல் பூத்து வீங்கும். கொடியில் துணி காயாது. ஆண்கள் காரணமில்லாமல் சிடுசிடுப்பார்கள். அப்படிப்பட்ட நாளில் யாரும் வீடு பேசி முடிக்க மாட்டார்கள், பெண் கேட்டுப் போக மாட்டார்கள். காப்பி போட்டுக்கொண்டு பெரினாவுக்காகக் காத்திருப்பார்கள்.

அவளுடைய முதுகுவலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த வெள்ளை மாத்திரைகள் அந்தக் கைப்பையில் இருந்தன. மருந்துச் சீட்டில் இருப்பது பெரினாவின் பெயர். விழுங்குவது தெரு முழுக்க.

அந்த வீட்டு மருமகள் நிவெஸுக்கு நெற்றிப்பொட்டு தெறித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் கையைத் தூக்கவில்லை. மேசையில் கொட்டிக் கிடந்த ஒலிவக் காய்களிலிருந்து இலைகளைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டாள்.

அவள் வயிற்றில் இரண்டு மாதக் கரு இருந்தது.

அது அவளுக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும் தெரிந்த சேதி. தன்னைக் கேட்காமல் ஒரு தலைவலி மாத்திரைகூடப் போடக் கூடாது, அடுத்தவர் மாத்திரையைத் தொடவே கூடாது என்று அந்த அம்மாள் கறாராகச் சொல்லியிருந்தாள். கப்பலில் வேலை செய்யும் கணவன் ரோக்கோவிடம்கூட நிவெஸ் இன்னும் சொல்லவில்லை.

போன தடவை தெரிந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள். தெருவே பலகாரத் தட்டோடு வந்து நின்றது. அது தங்கவில்லை என்பதையும் பிறகு அவள்தான் ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. ரொட்டிக் கடையில். மீன் சந்தையில். தேவாலயப் படியில், குழந்தைத் தொப்பி பின்னி எடுத்து வந்த ஒருத்தியிடம்.

இன்னொரு முறை அவளால் அது ஆகாது.

"ஏம்மா நிவெஸ், உன் மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. இந்தா, போடு."

"வெறும் வயிறு, பெரினாக்கா."

பெரினா ரொட்டியை அறுத்து, எண்ணெயில் தோய்த்து, அவள் முன்னால் வைத்தாள். நிவெஸ் ஒரு துண்டைத் தின்றாள்.

"இப்போ வயிறு ரொம்பிடுச்சு. போடு."

"கொஞ்சம் பரவாயில்லக்கா இப்போ."

"எப்பவும் நான் வாசல் மிதிக்கிறதுக்குள்ள கையை நீட்டுவே. இன்னைக்கு என்ன வந்துச்சு?" பெரினாவின் கண்கள் சுருங்கின. நிவெஸின் முகத்திலிருந்து மெல்ல இறங்கத் தொடங்கின.

இன்னும் ஒரு நொடி போனால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். இருட்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

அடுப்படியில் நின்றிருந்த மாமியார் வின்கா அப்போதுதான் திரும்பினாள். அவள் நடந்தாலே சத்தம் கேட்கும். சிகரெட்டை விட்ட நாளிலிருந்து அவளுடைய ஏப்ரன் பையில் பெப்பர்மின்ட் டப்பா குலுங்கிக்கொண்டிருக்கும்.

"இங்க கொடுடி பெரினா. நீ கெஞ்சினா இவ கேப்பாளா? என் கையால கொடுத்தாத்தான் முழுங்குவா."

மாத்திரையை வாங்கிக்கொண்டு, ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடியே வந்தாள்.

அத்தையுமா என்று நிவெஸ் பின்னால் சாய்ந்தாள். வின்கா அவள் முகவாயைப் பிடித்து, குழந்தைக்குக் கொடுப்பதுபோல் வாய்க்குள் போட்டாள். தண்ணீர்க் குவளையையும் நீட்டினாள்.

"குடி."

நிவெஸ் அதை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, தண்ணீரை மட்டும் விழுங்கினாள். அவள் பலமுறை போட்ட மாத்திரைதான். கரைந்தால் நாள் முழுக்க வாயில் கசப்பு போகாது. கசப்பு ஏறுவதற்குள் துப்பிவிட வேண்டும். குளியலறைக் கதவு நான்கடி தூரத்தில் இருந்தது. நடுவில் பெரினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதுக்குப் போய் கல்யாணப் பொண்ணு மாதிரி வெக்கப்பட்டாளே," என்று பெரினா காப்பியை உறிஞ்சினாள்.

நிவெஸ் கசப்புக்காகக் காத்திருந்தாள்.

நாக்கு குளிர்ந்தது. பிறகு இனித்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வின்கா முதுகைக் காட்டியபடி குவளையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே திரும்பவும் கழுவினாள்.

பெரினா போனதும் வின்கா கதவைத் தாழிட்டாள். ஏப்ரன் பையிலிருந்து வெள்ளை மாத்திரையை எடுத்து, ஒரு காகிதத்தில் மடித்தாள்.

"இதை மருந்துக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துடறேன். தலைவலிக்கு எது போடலாம்னு உன் டாக்டரம்மாகிட்ட போன் பண்ணிக் கேளு. பெரினா கைப்பையைக் கேக்காதே."

"அத்தை, உங்களுக்கு எப்படி..."

"ஒரு மாசமா என் ரோஸ்மேரிச் செடிதான் உன் காப்பியைக் குடிக்குது. நான் பாக்கலைன்னு நினைச்சியா?"

நிவெஸுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வின்கா துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, அவள் நெற்றியில் வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"அத்தை, நான் உங்ககிட்ட முதல்லயே..."

"வேணாம் கண்ணு. இப்போ எதுவும் சொல்லாதே."

வெளியே காற்று ஜன்னல் பலகையை அடித்துக்கொண்டிருந்தது. வின்காவின் கை நெற்றியை விட்டு நகரவில்லை.

"எப்போ சொல்லணும்னு உனக்குத் தோணுதோ, அப்போ சொல்லு. நான் அன்னைக்குத்தான் முதல் தடவையாக் கேப்பேன்."