நாற்பத்தொன்பது ஸ்டெப்

“இதைவிட லேசான வேலை இந்த ஆபீஸ்லயே கிடையாது சார், பயப்படாதீங்க” என்றபடி வரைவாளர் மேடம் அந்தக் கால்குலேட்டரைப் புதியவர் முன்னால் வைத்தார்.

மேடத்துக்கு வேறு ஊருக்கு மாற்றல். அந்த அளவைப் பிரிவில் அன்று அவருக்குக் கடைசி நாள். புதியவர் அவர் இடத்துக்கு வந்தவர்.

“பயமில்ல மேடம். எங்க பழைய ஆபீஸ்லயும் ஒண்ணு இருந்தது. அதுக்கு ப்ரோக்ராம் எழுதத் தனியா ஒரு பாஷை கத்துக்கணும். நான் கத்துக்கறதுக்குள்ள அது ரிட்டயர் ஆயிடுச்சு.”

“இதுக்குப் பாஷையே வேண்டாம். ஸ்விட்சை மேல தள்ளிட்டு, எப்பவும் கணக்குப் போடற மாதிரி பொத்தானை அழுத்திக்கிட்டே போங்க. அது வாயைத் திறக்காம பார்த்துக்கிட்டிருக்கும். அப்புறம் ஸ்விட்சைக் கீழ தள்ளிட்டு ஒரே ஒரு பொத்தான். நீங்க செஞ்சதை அப்படியே செய்யும்.”

“எங்க வீட்லயும் ரெண்டு பிள்ளைங்க பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க. அந்த ஒரு பொத்தானைத்தான் காணோம்.”

மேடம் சிரித்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். வரைபடத்தில் எழுதுவதுபோல் அச்சு அச்சான எழுத்து.

“நாப்பத்தொம்பது ஸ்டெப். முக்கோணத்தோட மூணு பக்கத்தைக் கொடுத்தா பரப்பைச் சொல்லும். அதுக்கு மேல மெஷின்ல இடமும் இல்ல. இது இல்லாம சங்கிலி சாருக்கு ஒரு நாள் ஓடாது.”

சங்கிலி சார் என்பது அங்கிருந்த சர்வேயர். அளவுச் சங்கிலி போய் டேப் வந்து, டேப்பும் போய்விட்டது. பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. ஜன்னலோர மேஜையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இது நாலாவது பென்சில்.

“அவருக்கே போட்டுக்கத் தெரியாதா?”

மேடம் குரலைத் தாழ்த்தினார். “ஏழாவது ஸ்டெப் தாண்டினா தலை சுத்துதாம். பேட்டரி தீர்ந்தா மெஷின் எல்லாத்தையும் மறந்துடும். உடனே புது பேட்டரி போட்டுக்கிட்டு வந்து நிப்பார். ‘மேடம், மறுபடியும் காலி.’ நான் போட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். பதினோரு வருஷமா அந்த ஒரு வசனம்தான்.”

“பேட்டரி எத்தனை நாள் வரும்?”

“மாசம் ஒண்ணு.”

“கால்குலேட்டரா, அடுப்பா?”

“பழைய மெஷின் சார்.” மேடம் மேஜையிலிருந்த தன் அளவுகோலைப் பைக்குள் வைத்தார். “நான் போனா இவர் தவிச்சுப் போயிடுவாரேன்னுதான் கவலை.”

“வீட்ல யாரும் இல்லையா?”

“அவருக்கும் யாரும் இல்ல.”

அந்த ‘உம்’மைப் புதியவர் கவனிக்கவில்லை. மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜன்னலோர மேஜை வரை நடந்தார்.

“வரேன் சார்.”

சங்கிலி சார் எழுந்தார். தொண்டையைச் செருமினார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று புதியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சார் விடுவிடுவென்று வந்து கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குப் போனார். ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்து மேடத்திடம் நீட்டினார்.

“மேடம், மறுபடியும் காலி.”

மேடம் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இனிமே இவர் போட்டுத் தருவார் சார்” என்று சொல்லிவிட்டு, படியிறங்கிப் போய்விட்டார்.

புதியவர் தாளை வாய்விட்டுப் படித்தபடி பொத்தான்களை அழுத்தத் தொடங்கினார். சங்கிலி சார் பழக்கதோஷத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண் மட்டும் வாசலில் இருந்தது.

டிக். டிக். டிக்.

“அது கூட்டல் இல்ல, கழித்தல்” என்றார் சங்கிலி சார், திரும்பாமலே. “முப்பத்தொண்ணாவது ஸ்டெப்.”

“தாள்ல கூட்டல்னுதானே இருக்கு?”

“தாள் தப்பு. அவங்க தப்பா எழுத மாட்டாங்களே…” சார் இயந்திரத்தை வாங்கினார். தாளைப் பார்க்காமல், கால்குலேட்டரையும் பார்க்காமல், மீதி ஸ்டெப் அத்தனையும் மளமளவென்று போட்டு முடித்தார்.

புதியவர் வாயைப் பிளந்தார். “ஏழாவது ஸ்டெப்ல தலை சுத்தும்னாங்க?”

சார் எழுந்து போனார். தன் மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே குவியலாகப் பேட்டரிகள் உருண்டன. மாசத்துக்கு ஒன்று, பதினோரு வருஷம்.

“கழட்டின அன்னிக்கு எல்லாமே நல்ல பேட்டரிதான்” என்றார் மெதுவாக. “பக்கத்துல உட்கார எனக்கு வேற வழி தெரியல சார்.”

“வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?”

“பாஷை வரல. அதான் பாஷை வேண்டாத மெஷினாப் பார்த்துப் பிடிச்சுக்கிட்டேன்.”

புதியவர் சும்மா இருக்க முடியாமல் தாளைத் திருப்பினார். பின்பக்கத்திலும் அதே அச்சு எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. உரக்கப் படித்தார்.

“ஐம்பது: 31-ஐ வேண்டுமென்றேதான் தப்பாக எழுதினேன்; சார் திருத்தினால், பேட்டரி ஒருநாளும் தீர்ந்ததில்லை என்று எனக்கு முதல் மாதமே தெரியும் எனச் சொல்லவும் - பஸ் ஐந்தரைக்கு, பக்கத்து சீட் காலி.”