தூக்குவாளியில் தயிர்

"அண்ணே, கவுச்சி அடிக்குது. சோப்பு போட்டு நல்லா கழுவி எடுத்துனு வாங்க."

மூக்கருகே கொண்டுபோன டப்பாவை அதே வேகத்தில், தயிர் வாங்க வந்த நாகராஜனிடம் திருப்பிக் கொடுத்தாள் கவுண்டரில் நின்ற கல்பனா. அவர் முகம் கடுகடுத்தது.

"பிளாஸ்டிக்ல குடுத்தப்ப இந்த வம்பே இல்ல."

"அதான் ஏரி முழுக்க டப்பாவா மெதக்குது!"

வில்லியனூரில் இருந்த அந்த சூப்பர் மார்க்கெட்டில், இந்த மாதம்தான் தயிருக்குப் பிளாஸ்டிக் டப்பாவை நிறுத்தியிருந்தார்கள். பாத்திரம் கொண்டுவந்தால் ஊற்றித் தருவார்கள். முகர்ந்து பார்க்காமல் ஊற்றக் கூடாது என்பது மேனேஜரின் கண்டிப்பான உத்தரவு.

அடுத்து நின்றது சகாயராணி. கல்பனாவின் ஊர்தான்; ஆனால் காலனி. காலனிக்காரர்களை வாசலோடு நிறுத்திப் பேசும் வீட்டில் பிறந்தவள் கல்பனா. அதை நினைத்தாலே அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். இவளுடைய பாத்திரத்தைப் போய், நாலு பேர் எதிரில், சுத்தமாக இருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பதா?

"குடுங்கக்கா" என்று தூக்குவாளியை வாங்கி, அப்படியே ஊற்றி மூடிக் கொடுத்தாள். நாமாவது ஒழுங்காக நடந்துகொண்டோமே என்று அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருந்தது.

மூன்றாம் நாள், சகாயராணி வீட்டில் அந்தத் தயிர் சாப்பிட்ட பிள்ளைக்கு வாந்தி பேதி என்று கேள்விப்பட்டு அரியூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். சகாயராணியின் மகள் சுகன்யா, கையில் குளுக்கோஸ் ஏற, துவண்டு கிடந்தாள்.

"இப்ப தேவலாம்" என்றாள் சகாயராணி. "அன்னிக்கி காலைல எங்கூட்டுக்காரு அந்தத் தூக்குலதான் கோழிக்கறி வாங்கியாந்திருக்காரு. சும்மா தண்ணில அலசி வச்சிட்டாரு. எனக்கு ஒரே சளி, வாசனை தெரியல."

கல்பனாவின் கண் கலங்கியது. "தப்பு என்னுதுக்கா. நான் மோந்து பாத்திருக்கணும். பாக்காம வுட்டுட்டேன்."

சகாயராணி மகளின் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு முன்னால நின்னவரு டப்பாவ மோந்த. பின்னால வந்தவங்களுதயும் மோந்த. எங்கூட்டு ஏனத்த மட்டும் மூக்குகிட்டகூட கொண்டுபோவல. இன்னும் அவ்ளோ அருவருப்பாம்மா, எங்க மேல?"