சக்கரம் வைத்த பெட்டி

"சார், உங்க பிளாக்ல மிக்ஸியைப் பத்தி எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சிட்டுத்தான் எங்க வீட்லயும் வாங்கினோம். பிரமாதம்!" என்றார் காசாளர்.

மேலாளர் அடக்கமாகச் சிரித்துக்கொண்டார். அந்த வலைப்பூவில் எழுதுவதெல்லாம் அவர் மனைவி. தொடங்கும்போதே அவள் தன் பெயரைப் போட ஆசைப்பட்டாள். "உன் பேரைப் போட்டா எவன் படிப்பான்?" என்று சொல்லித் தன் பெயரைப் போட்டுக்கொண்டவர் இவர்.

"இன்னிக்குப் புதுசா ஒண்ணு வந்திருக்கு சார். சக்கரம் வெச்ச பெட்டி."

"சத்தமாப் படிங்க, எல்லாரும் கேக்கட்டும்" என்றார், தானே இன்னும் படிக்காத மேலாளர்.

காசாளர் போனைப் பார்த்துப் படித்தார். "பார்க்கச் சிறியது. ஆனால் என் துணிமணி, சான்றிதழ்கள், அம்மா கொடுத்த வளையல் எல்லாமே அடங்கிவிட்டன."

"வளையலா? உங்களுக்கா சார்?" அலுவலகமே சிரித்தது.

"சக்கரம் துளிகூடச் சத்தம் போடவில்லை. இன்று காலை கூடத்தில் உருட்டிக்கொண்டு போனேன். எதிரில் போனில் மூழ்கியிருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை."

மேலாளரின் சிரிப்பு நின்றது. மனைவி கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்து, காலையில் வீட்டைத் தானே பூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"எழுதினவங்க பேரு வேற யாரோ ஒரு அம்மா பேரா இருக்கே சார்?"

"மிச்சத்தைப் படிங்க" என்றார் மேலாளர்.

"பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாமாம். பெட்டிக்கும் சரி, எனக்கும் சரி, திரும்பும் எண்ணமில்லை."