உள்ளே ஒருவருக்கே அனுமதி

“அந்த பாஸை இங்கன குடுட்டி. இன்னிக்கு நான்தான் போவேன்.”

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கை நீட்டி நின்றாள் எஸ்லின். விடைத்தாள் திருத்தும் பணியை முடித்துவிட்டு, ஓசூரிலிருந்து அன்று காலைதான் சங்கரன்கோவில் வந்து சேர்ந்திருந்தாள்.

தங்கை ஜெனிபா தயங்கினாள். “அலைஞ்சு வந்திருக்க. காப்பி குடிச்சிட்டு சாயங்காலம் போயேங்க்கா. இப்ப ஒரு ஆளத்தான் விடுவாவ.”

“அந்த ஒரு ஆளு எப்பவும் நீயாத்தான் இருக்கணுமோ?”

உள்ளே கிடக்கும் கணவருக்காகக் காத்திருந்த கடையநல்லூர் மீரா பீவி நல்லெண்ணத்துடன் குறுக்கிட்டார். “ஒங்க தங்கச்சி ஒரு வேளைகூட வராம இருந்ததில்லம்மா. எம்புள்ளையளெல்லாம் சவுதியில கெடக்கு. இப்படி ஒண்ண அல்லா எனக்குக் குடுக்கலையே!”

எஸ்லினுக்குள் எரிந்தது. வந்ததிலிருந்து இதே பேச்சுதான். போதகரும் புகழ்ந்தார், நர்சும் புகழ்ந்தாள். மூச்சுத் திணறிக் கிடக்கும் அப்பாவின் மனத்திலும் இனி இளையவள் மட்டும்தானா? அவர் கண் மூடிவிட்டால் அந்த இடத்தை எங்கே போய் மீட்பது?

“நீ நல்ல பேரு வாங்குனது போதும்ட்டி” என்று பாஸைப் பறித்தாள்.

“எக்கா... உள்ள ரொம்பப் பேச்சுக் குடுக்காத.”

“எங்கப்பாட்ட பேச ஒன்கிட்ட உத்தரவு வாங்கணுமோ?”

கண்ணாடிக் கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

சர்க்கரை நோயால் பார்வை இழந்த பவுல்பாண்டியன், ஆக்சிஜன் முகமூடியுடன் படுத்திருந்தார்.

“அப்பா...”

அவர் முகம் மலர்ந்தது. “எஸ்லினு! வந்துட்டியா மக்கா!”

எஸ்லினுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காள் தங்கை இருவருக்கும் ஒரே குரல். அப்படியிருந்தும் அவர் வாயில் வந்தது அவள் பெயர்தான்!

“நெனவு திரும்புன அன்னைக்கு ஒன்னத்தான் கேட்டேன். ‘நான் எஸ்லின்தாம்ப்பா’ன்னு ஒடனே கையப் புடிச்சியே. அதுல இருந்து தெனமும் நீதான் வார, காலு அமுக்குத, ஜெபம் பண்ணுத...”

எஸ்லின் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவள் கையை இறுக்கினார்.

“உள்ளூர்ல இருந்துக்கிட்டு அந்த ஜெனிபாதான் ஒருநாள்கூட எட்டிப் பாக்கல. அவளுக்கு என்மேல என்ன கோவம் மக்கா?”

கண்ணாடிக்கு அப்பால் ஜெனிபா தலைகுனிந்து நின்றிருந்தாள்.

அப்பாவின் காதருகே குனிந்தாள் எஸ்லின்.

“எஸ்லின் வெளிய நிக்காப்பா. நான் ஜெனிபா.”