பதினாலு நாள்

இண்டூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அமுதவல்லி ரிசல்ட் தாளைப் பிரித்தபோது, கோகிலவாணிக்குக் கை காலெல்லாம் வெடவெடத்தது. அவள் அப்பா வெளியே காத்திருந்தார்.

“ஏம்புள்ள இப்பிடி நடுங்கற? காலேஜ் ஹாஸ்டலுக்குத்தான இந்த கொரோனா டெஸ்ட்டு?”

“ஹாஸ்டல் தொறக்க இன்னும் பதினஞ்சு நாளு இருக்குதுங்க.”

“அப்பறம் என்ன பயம்? உனக்கு நெகட்டிவ். தைரியமா வூட்டுக்குப் போ.”

கோகிலவாணி வெளியே அப்பா நிற்பதை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, எங்கப்பாகிட்ட பாசிட்டிவ்னு சொல்லிடுங்க. பதினாலு நாளு முகாம்ல அடச்சு வைங்க. அங்கிருந்து நேரா கோயமுத்தூர் ஹாஸ்டலுக்கு ஓடிப் போயிடறேன்.”

“பைத்தியமா உனக்கு?”

அப்பா கதவருகே வந்து, மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

“நெகட்டிவ்தானுங்களே? மாப்பிள்ள வூட்டுல ரிசல்ட்டக் கேட்டுக்கிட்டே இருக்கறாங்க. வெள்ளிக்கெழம இவளுக்கு முகூர்த்தம்.”