ஜன்னல் இல்லாத சுவர்

1959-இல்தான் கொத்தனார் சவரியப்பனைக் கன்னியர் மடத்துப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு முதன்முதலாகக் கூப்பிட்டார்கள். ஹாலின் நடுவே சுவர் எழுப்பி இரண்டு வகுப்பாக்கப் பெற்றோர் எழுதிய மனு என்று சொல்லி, தலைமையாசிரியை மதர் காகிதத்தை நீட்டினார். படிக்கத் தெரியாத சவரியப்பன் முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தான்.

"கூலி வாணாம் மதர். எம் பொண்ணு செசிலி படிக்கிற எடம்."

ஒரகடத்திலிருந்து வண்டியில் செங்கல் வந்தது. அதுவரை முகம் பார்த்துப் பேசாத பண்ணைக்காரர்கள் அவனை "மேஸ்திரி" என்றார்கள். ஈஸ்டர் லீவுக்குள் சுவர் எழும்பிவிட்டது.

"காத்துக்கு ஒரு ஜன்னல் வுடட்டா மதர்?"

"வேண்டாம். சத்தம் வரும்."

பள்ளி திறந்த அன்று, மகளைக் கொண்டுவிட வந்த சவரியப்பன் பார்த்திருக்க, மதர் பெயர் வாசித்துப் பிள்ளைகளைப் பிரித்தார். நாலாம் வகுப்பு செசிலி, ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பள்ளிக்கு இருந்த ஒரே வாத்தியார் அந்தப் பக்கம் போனார்.

"இன்னா மதர் இது? இங்க எங்க தெரு புள்ளைங்க மட்டும்தான கீது?"

மதர் மனுவை எடுத்து வாசித்தார்: "'சேரிப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைக்கும்படி பெற்றோர் கேட்டுக்கொள்கிறோம்.' முதல் கைநாட்டு உன்னுதுதான் சவரி."

அந்தப் பக்கம் பாடம் தொடங்கியிருக்க வேண்டும். சவரியப்பன் கட்டிய சுவர்; ஒரு சொல்கூட இந்தப் பக்கம் வரவில்லை.