விருந்துப் பை

"ஜமீரா, இந்த மனுஷனுக்கு பிரஷர் பாரு. பாத்துட்டு நாலு பேர் காதுல விழுற மாதிரி திட்டு."

சொல்லிக்கொண்டே புருல்சா, கணவர் துய்ஷெனைத் தள்ளாத குறையாக கிராமத்து மருத்துவ நிலையத்துக்குள் கூட்டி வந்தாள்.

பெஞ்சில் காத்திருந்த பெண்கள் கழுத்தை நீட்டினார்கள். ஓசிக் கூத்து என்றால் யாருக்குக் கசக்கும்?

"என்ன ஆச்சு பெரியம்மா?" என்றாள் நர்ஸ் ஜமீரா.

"நேத்து மேல் கிராமத்துல கல்யாணம். இவர் பொண்ணு வீட்டு ஆளாச்சே, சம்பந்திங்க முறைப்படி வரிசையா வந்து ஆட்டு வால்கொழுப்பும் ஈரலும் ஊட்டினாங்க. எத்தனை வாய் வாங்கினார்னு கேளு."

"ஒரே வாய்" என்றார் துய்ஷென். "ஊட்டுறப்ப துப்பவா முடியும்? சம்பந்தம் முறிஞ்சு போயிடும்."

"மூணு வாய். என் கண்ணால பாத்தேன்."

"மிச்சம் ரெண்டும் கைக்குட்டைக்குப் போச்சுடி."

பெஞ்சில் சிரிப்புச் சத்தம். புருல்சா மட்டும் சிரிக்கவில்லை.

மூன்று வருஷம் முன்னால் துய்ஷெனின் அண்ணன் பக்கவாதம் வந்து விழுந்தார். முரட்டுக் குதிரைகளை அடக்கிய மனுஷர். இன்றைக்கு டீக் கிண்ணத்தை யாராவது வாயில் வைத்தால்தான் உண்டு. பேச்சும் போய்விட்டது. அதே வாரம் துய்ஷெனுக்கும் பிரஷர் அதிகம் என்று தெரிந்தது.

புருல்சா பயந்து போனாள். அன்றிலிருந்து, ஊரே உப்புப் போட்டுக் குடிக்கும் டீயில் அந்த வீட்டில் மட்டும் உப்பு கிடையாது, சூப்பிலும் கிடையாது. அவர் நாக்கடியில் அதக்கும் புகையிலையைப் பிடுங்கி எறிந்தாள். மாத்திரையை விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். ஊர் அவளுக்கு ராட்சசி என்று பெயர் வைத்தது. வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஜமீரா துய்ஷெனின் கையில் பட்டையைச் சுற்றி அளந்தாள்.

"நூத்தி இருபத்தஞ்சு, எண்பது. ரொம்ப நல்லா இருக்கு பெரியப்பா."

துய்ஷென் மீசையைத் தடவிக்கொண்டார்.

"மெஷின் கெட்டுப் போச்சு" என்றாள் புருல்சா.

"நல்லாத்தான் இருக்கு பெரியம்மா."

"மூணு வாய் கொழுப்பு தின்னவருக்கு நூத்தி இருபத்தஞ்சா? எங்க, என் கையில சுத்து. குட்டு வெளிப்படும்."

ஜமீரா சுற்றினாள். எண் ஏறிக்கொண்டே போய் நின்றது.

"நூத்தித் தொண்ணூத்தஞ்சு, நூத்திப் பத்து."

"பாத்தியா? நான் சொன்னேன்ல, கெட்டுப் போச்சுன்னு."

ஜமீரா பட்டையைக் கழற்றித் தன் கையில் சுற்றிப் பார்த்தாள். சரியாகக் காட்டியது. புருல்சாவைக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார வைத்து, மறு கையில் அளந்தாள். அதே எண்தான்.

"பெரியம்மா, கடைசியா எப்ப பிரஷர் பாத்தீங்க?"

"எனக்கெதுக்கு? எனக்கென்ன வியாதியா? அப்பப்ப தலைவலி வரும். அது இவரோட மல்லுக்கட்டி வர்ற வலி."

துய்ஷெனின் முகத்தில் இப்போது கேலி இல்லை.

"அவளும் என்னோட சேர்ந்து உப்பில்லாமத்தானே சாப்பிடுறா, ஜமீரா. அவளுக்கு எப்படி?"

ஜமீரா யோசித்தாள். "விருந்துல உங்களுக்கு வைக்கிற கறியை என்ன பண்றீங்க பெரியப்பா?"

"மூத்தவன்னு இடுப்பெலும்புக் கறியே வைப்பாங்க, உப்பும் கொழுப்புமா. தொட மாட்டேன். எல்லாரும் செய்யற மாதிரி பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துடுவேன். பையை இவ கையில குடுத்துட்டு குதிரைக்குத் தீனி வைக்கப் போயிடுவேன். நம்ம ஊர்லதான் வாரம் தவறாம யார் வீட்டுலயாவது விருந்தாச்சே."

"உங்க பிள்ளைங்க எல்லாம் பிஷ்கெக் பட்டணத்துல. அப்போ அந்தப் பையில வர்ற கறியை யார் சாப்பிடுறா, பெரியம்மா?"

"இதென்ன கேள்வி? விருந்துக் கறியைக் கொட்டினா பாவம். மிச்சம் வச்சா இவர் கை வச்சுடுவார். இவருக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னுதான், குதிரைக்குத் தீனி வச்சுட்டு உள்ள வர்றதுக்குள்ள, அடுப்படியில நின்னுக்கிட்டே அவ்வளவையும் நானே தின்னு தீர்த்துடறேன்."